முதலில் வேண்டுவது பொருளன்று
(பெர்ன்ஹில்லில் நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கையில் பொருளில்லாத ஊரில் இளைஞர்க்குக் கலை வளர்ப்பது எங்ஙனம் என்பதே எனக்குத் தந்துள்ள தலைப்பு. இவ்வினாவைப் பெர்ன்ஹில்லில் எழுப்புவது மிகப் பொருத்தம். மைசூர் மன்னரின் கோடை மாளிகை நிற்பது இவ்வூரில்தான். மே வந்தால் உதகையில் மலர்க் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி. கோடைவிழா மேடைகளில் ஆடலும் பாடலும். வந்துபோகும் விருந்தினர்க்கு இவை நடக்கட்டும், குறை கூறேன். ஆனால் நம் பிள்ளைகள் அங்கே என்ன செய்கிறார்கள்? கூட்டத்தின் கடைசியில் நின்று பார்க்கிறார்கள். பார்ப்பவராகவே வளரும் பிள்ளை, படைப்பவராவது எந்நாள்?

"பொருளில்லையே ஐயா" என்பீர்கள். அதற்கு விடை நம்மிடையே இருக்கிறது. 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாத்திரி உடன்பாட்டின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய மக்களுக்கு வாழ்வளிக்க, 1968இல் இம்மலையில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 1976இல் அவை தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. அம்மக்களின் முன்னோர் இங்கிருந்து கடல் கடந்தபோது கொண்டு சென்ற சொத்து யாது? சிறு மூட்டைகளும், நெஞ்சில் நிறைந்த காமன் கூத்துமே.

ஒற்றையறை லயத்தில் ஒடுங்கி, விடியலில் பெரட்டுக்கு ஓடி, நாட்கூலியில் காலம் தள்ளியவர்கள் அவர்கள். மாசித் திங்கள் வந்ததும் கம்பம் ஊன்றுவார்கள். இளைஞர் நோன்பிருந்து காமனாகவும் இரதியாகவும் வேடம் பூணுவர். தப்பு முழங்கும். முழுநிலா நாளில் காமன் எரிப்பு. விடிய விடியக் கூத்து. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தவசும் இவ்வாறே வாழ்ந்தன. தோட்டத்து மக்கள் தாங்களே தண்டிய சிறு பொருளே அதற்கு முதல். அரங்கமோ லயத்து முற்றம்.

அங்கே இருந்தவை மூன்று. கற்பிக்க ஒரு பெரியவர் இருந்தார். கூடுதற்கு ஓர் இடமும் பொழுதும் இருந்தன. பார்க்க ஊரே இருந்தது. இம்மூன்றும் இருந்ததால் பொருட்குறை கலையைக் கொல்லவில்லை. இம்மூன்றும் இல்லாத ஊரில் பொருளைக் கொட்டினாலும் ஒருநாள் விழா நடக்குமேயன்றிக் கலை வேர்கொள்ளாது.

மற்றொரு தடையையும் மறையாமல் சொல்லல் வேண்டும். தப்பைக் கையில் எடுக்க நம் இளைஞர் சிலர் கூசுகிறார்கள். தோலில் ஒட்டியிருப்பது இசைதானே; இழிவை அதில் ஒட்டியது சாதி. அக்கருவியைத் தோளில் மாட்டும் பிள்ளையை ஏளனம் செய்யும் ஊருக்குக் கலைவிழா எதற்கு? எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று அடிக்கட்டும். அந்நாளில் கலையோடு குமுகாயமும் உயரும். நம் அண்டையில் வாழும் கோத்தர், குழலும் கொம்பும் பறையும் கொண்டு தம் விழாக்களைத் தாமே இசைத்து நிறைவிக்கின்றனர். கருவியைப் பேணுவோர்க்குப் பெருமையேயன்றி இழிவில்லை.

கலைக்காகக் கல்வியை இழக்கவும் வேண்டா. 1918இல் மதுரையில் சங்கரதாசு அடிகள் தொடங்கிய சிறுவர் நாடகக் குழு பெரும் நடிகர்களை ஈந்தது; ஆயினும் சிறுவர் நாடகக் குழுக்களில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளி எட்டாமற் போயிற்று. அக்குறையை நீக்கிக் காட்டியவர் கூத்துக் கலைஞர் இராசகோபால். இளமையிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர் அவர். காஞ்சிபுரத்தருகே 2002 முதல் 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பள்ளிக் கல்வியும் கூத்தும் ஒருசேரக் கற்பிக்கப்பட்டன. பெண்பிள்ளைகளும் அங்கே அடவு கட்டி ஆடினர். நம்மூரிலும் இரதியாகப் பெண்ணே ஆடட்டும். அவளுக்குத் துணையாகத் தாய்மார் முன்வரிசையில் அமரட்டும்.

இனிச் செய்ய வேண்டுவன. மழைத்திங்களில் இம்மலையில் வெளியே ஆட இயலாது, மார்கழியிலோ உறைபனி. ஆகவே கூரை வேண்டும். பள்ளிகளும் ஊர்க்கூடங்களும் மாலையில் பூட்டியே கிடக்கின்றன. கிழமைக்கு இரு மாலை அவற்றைத் திறந்துவிடுமாறு முறைப்படி எழுதிக் கேட்போம். அறிந்த பெரியவரை நாடிச் சென்று, பாட்டையும் அடவையும் ஏட்டில் எழுதிவைப்போம். கார்த்திகையில் தொடங்கினால் வறண்ட மாசியில் ஆடலாம். மஞ்சு படரும் மாலையில் தப்பின் தோல் தளரும். தீயில் காய்ச்சினால்தான் ஒலிக்கும். அத்தீயைச் சுற்றியே பிள்ளைகளும் கூடுவர்.

தண்டும் பொருளில் முதற்பங்கு கற்பிக்கும் பெரியவர்க்குச் சேரவேண்டும். ஒளிவிளக்கிற்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுத்துவிட்டு, ஆசானுக்குத் துண்டு மட்டும் போர்த்துவது அறமன்று. கணக்கைக் கூத்துக்களத்திலேயே படித்துக்காட்டுங்கள். அடுத்த ஆண்டு கேளாமலே கொடுப்பர்.

இப்படிச் சொல்வதால் அரசின் கடமை தீர்ந்ததென்று கொள்ளற்க. கேட்க வேண்டியதை உரத்துக் கேட்போம். ஆனால் கிடைக்கும் வரை கைகட்டி இருந்தால், பாட்டறிந்த பெரியவர் ஒவ்வொருவராய் மறைவர். பிள்ளைகளோ வேலை தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் செல்கின்றனர். எஞ்சியோரை மதுக்கடை அழைக்கிறது. அதற்குமுன் நம் முற்றம் அழைக்கட்டும்.

தோழர்களே, பொருள் பின்னர் வரும். பெரியவர் காத்திரார். நாளை மாலையே அவர் வாயிலுக்குச் செல்லுங்கள்.