மிஸ்டர் பீனின் எதிர் ஃப்ளாட்

(கோடை விடுமுறைத் திரையிடலின் தொடக்கத்தில் நம் கிளப் ஹவுஸில் பேசியது. அன்று வர இயலாத குடியிருப்போருக்காக எழுத்து வடிவில்.)



இன்று போடப்போகிற படங்கள் உங்களில் பாதிப் பேருக்கு மனப்பாடம் என்று தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கார்ட்டூன் பீன். அது 2002-இல் வந்தது. நான் பேசப்போவது அதற்கு முன் மனிதர் நடித்து வந்த பழைய தொடரைப் பற்றி. 1990-ஆம் ஆண்டு புத்தாண்டு தினத்தில் பிரிட்டனின் ஐடிவியில் முதல் பகுதி வந்தது. 1995 வரை எடுத்தது மொத்தமே 15 பகுதிகள். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நம் வீடுகளில் ஓடும் சீரியல்கள் மூன்றே வாரத்தில் தாண்டிவிடும் எண்ணிக்கை.

அந்தப் பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் மேற்படிப்பு. (ஏ பிளாக்கில் கைதட்டல் கேட்கிறது. நியாயம்தான்.) அவருக்குத் திக்குவாய் உண்டு. வேறொரு ஆளாக மாறி நடிக்கும்போது அது பெரும்பாலும் விலகிவிடுகிறது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பீன் ஏன் அதிகம் பேசுவதில்லை என்பதற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வேறு கணக்கும் இருந்தது. 1987-இல் மான்ட்ரியால் நகைச்சுவை விழாவில், ஆங்கில மேடை இருக்கும்போதே பிரெஞ்சு மேடையைக் கேட்டு வாங்கி இந்தப் பாத்திரத்தைப் போட்டுப் பார்த்தார். மொழி புரியாதவர்கள் சிரிக்கிறார்களா என்று சோதனை. சிரித்தார்கள். அதனால்தான் டப்பிங், சப்டைட்டில் எதுவுமில்லாமல் நம் பாட்டிகளும் பேரன்களும் ஒரே இடத்தில் சிரிக்க முடிகிறது. பெயர்கூடக் கடைசி வரை முடிவாகவில்லை. காய்கறிப் பெயர்களாக யோசித்தபோது 'மிஸ்டர் காலிஃப்ளவர்' என்பதும் பட்டியலில் இருந்ததாம். தப்பித்தோம்.

சரி, இதெல்லாம் இணையத்தில் கிடைக்கும். நான் செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கியது வேறொன்றுக்காக.

நம் வளாகத்தில் யாரையாவது 'மிஸ்டர் பீன்' என்று கூப்பிடுகிற பழக்கம் இருக்கிறது. ஒருவரை அல்ல, காலத்துக்கு ஒருவரை. லிஃப்ட்டில் நாம் வணக்கம் சொன்னால் தரையைப் பார்ப்பவர். பொதுக்குழுவில் எழுந்து, எழுதிக் கொண்டுவந்த தாளைக் கடைசி வரி வரை வாசிப்பவர். விசேஷ வீட்டில் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் பந்திக் கதவருகே நின்றுகொண்டிருப்பவர். நாலு பேருக்கு நடுவில் பழகத் தெரியாத மனிதர் என்றால் நமக்கு இந்தப் பெயர் நாக்கு நுனியில் வந்துவிடுகிறது. இப்போது வாட்ஸ்அப் வந்த பிறகு பெயர்கூடத் தேவையில்லை. ஒருவர் நம் குரூப்பில் தண்ணீர்த் தொட்டி பற்றி நீளமாக ஒரு மெசேஜ் போட்டால், அடியில் பீன் ஸ்டிக்கர் வந்து விழுகிறது. அதற்கு இருபது சிரிப்பு.

தொடரை ஒழுங்காகப் பார்த்தவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள் என்பது என் கட்சி.

முதலில், பீன் அப்படி ஒன்றும் அப்பாவி இல்லை. முதல் பகுதியில் பரீட்சைக்குப் போகிறார். இவர் படித்து வந்தது திரிகோணமிதி, கையிலிருக்கும் தாளில் கால்குலஸ். உடனே பக்கத்து ஆளின் விடைத்தாளைப் பார்த்து எழுத அவர் செய்யும் தந்திரங்கள் ஒன்றா இரண்டா! சாலையில் நீல நிறத்தில் ஒரு மூன்று சக்கர வண்டி வரும். அதை ஓட்டுபவர் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. அந்த வண்டியைக் கண்டால் பீனுக்கு ஏனோ ஆகாது. இடிப்பார், கவிழ்ப்பார், திரும்பியும் பார்க்காமல் போய்விடுவார். சுயநலம், பொறாமை, அழுகுணி ஆட்டம் எல்லாம் உள்ள ஆள். பெரியவர் உடம்பில் ஒரு சின்னப் பையன் என்று அட்கின்சன் விளக்குவது அதனால்தான். நாம் பீன் என்று பெயர் வைக்கிற மனிதர்களோ பெரும்பாலும் நேர் எதிர். யாருக்கும் இடைஞ்சலாக இருந்துவிடக்கூடாதே என்று பயந்து பயந்துதான் அவர்கள் தடுமாறுகிறார்கள். பார்க்கிங்கில் அடுத்தவர் கோட்டைத் தொட்டுவிடாமல் மூன்று முறை காரை முன்னும் பின்னும் எடுப்பவருக்கும், காரை நிறுத்தினால் ஸ்டீயரிங்கையே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டுப் போகும் பீனுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது விஷயத்தை என் அண்ணன்தான் எனக்குச் சொன்னார். அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கூச்ச சுபாவம். ஒரு கல்யாண மண்டபத்தில் உறவுக்காரப் பையன் ஒருவன் அவர் காதுபடவே "பெரியப்பா அப்படியே மிஸ்டர் பீன்" என்றான். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "அந்தப் பீன் யாருன்னு கொஞ்சம் போட்டுக் காட்டுடா" என்றார். நாலு பகுதி பார்த்தோம். பரீட்சைக் காட்சிக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "அவனுக்கு எதுவுமே உறைக்க மாட்டேங்குதுடா. கொடுத்து வச்சவன்."

இந்தத் தொடரைப் பற்றி இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை. நாம் பீனைப் பார்த்து மனசாட்சி உறுத்தாமல் சிரிக்க முடிவது அவருக்கு வலிக்காததால். அவமானம் அவர் மேல் ஒட்டுவதில்லை. கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் முறைத்தாலும் அடுத்த நிமிடம் தன் பொம்மைக் கரடியோடு சந்தோஷமாகத் தூங்கிவிடுவார். நிஜ மனிதர்கள் அப்படித் தூங்குவதில்லை. மண்டபத்தில் சொன்ன ஒரு வார்த்தையை ராத்திரி பத்து மணிக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

ஆனால் 15 பகுதிகளில் மூன்று இடங்களில், எழுதியவர்கள் நம்மைக் கொஞ்சம் உறைக்க விட்டிருக்கிறார்கள். மூன்றுமே விசேஷ நாட்கள். அட்கின்சனும், அவரோடு சேர்ந்து இந்தப் பாத்திரத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கர்ட்டிஸும், உடன் எழுதிய ராபின் டிரிஸ்கலும் தெரிந்தேதான் செய்தார்கள் என்று நினைக்கிறேன். தனியாக இருப்பவருக்கு மற்ற நாட்கள் எப்படியோ ஓடிவிடும். விசேஷ நாள்தான் கஷ்டம்.

ஒன்று, பிறந்தநாள். 1990-இல் வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் மிஸ்டர் பீன்'. நல்ல உடை போட்டுக்கொண்டு பெரிய ஓட்டலுக்குத் தனியாக வருகிறார். பையிலிருந்து ஒரு வாழ்த்து அட்டையை எடுக்கிறார், தானே எழுதுகிறார், உறையில் போட்டு மேஜையில் வைக்கிறார். பிறகு அப்போதுதான் கண்ணில் பட்ட மாதிரி எடுத்துப் பிரித்து, 'அட, எனக்கா!' என்று பூரிக்கிறார். அடுத்து வருவது பிரமாதமான கூத்து. இருக்கிற காசுக்குக் கட்டுப்படியாகிறதே என்று ஸ்டேக் டார்டார் சொல்லிவிடுகிறார். அது சமைக்காத மாட்டிறைச்சியைக் கொத்தி உருட்டி வைப்பது என்று தட்டு வந்த பிறகுதான் தெரிகிறது. சாப்பிடவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம். ரொட்டிக்குள், சர்க்கரைக் கிண்ணத்தில், பூச்சாடியில், பக்கத்து மேஜை அம்மாவின் கைப்பையில் என்று ஒளித்து வைக்கிறார். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அந்த அட்டையை எழுதும் அரை நிமிடம் இருக்கிறதே, அதை இன்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள்.

இரண்டு, 1992 கிறிஸ்துமஸ். பீனுக்கு இர்மா என்று ஒரு தோழி உண்டு. கடை ஜன்னலில் மோதிரத்தைக் காட்டி இதுதான் வேண்டும் என்கிறாள். மோதிரத்துக்குப் பின்னால், ஜோடியாக நிற்கும் இருவரின் பெரிய படம் ஒன்று விளம்பரத்துக்கு வைத்திருக்கிறது. பீன் வாங்கி வருவது அந்தப் படத்தை. அவள் முகம் வாடியதும், இன்னும் ஒன்று இருக்கிறது என்று ஒரு சின்னப் பெட்டியை நீட்டுகிறார். அவள் ஆசையோடு திறந்தால், உள்ளே படத்தை மாட்டுவதற்கான கொக்கி. அழுதுகொண்டே போய்விடுகிறாள். என்ன தப்பு நடந்தது என்று அவருக்கு விளங்கவே இல்லை. கேட்டதைத்தானே வாங்கித் தந்தோம் என்ற முகம். இங்கே இர்மாவின் பக்கம்தான் நியாயம், அதையும் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்டவரோடு வாழ்வது சுலபம் என்று நான் சொன்னால் என் அண்ணியே ஒத்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவதுதான் நம்மைப் போல ஃப்ளாட்டில் குடியிருப்போருக்கு முக்கியமானது. 1994 ஜனவரியில் வந்த 'டூ இட் யுவர்செல்ஃப் மிஸ்டர் பீன்'. ஆண்டின் கடைசி ராத்திரி. வாழ்க்கையில் அபூர்வமாக, பீன் தன் ஃப்ளாட்டுக்கு இரண்டு பேரை விருந்துக்கு அழைத்திருக்கிறார். தொப்பி, தோரணம் எல்லாம் தயார். ஆனால் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கொறிக்க ஒன்றுமில்லை என்றதும் ஜன்னலுக்கு வெளியே மரக்குச்சியை ஒடித்து, ரொட்டியில் தடவும் மார்மைட்டை அதில் தடவிக் கொண்டுவந்து வைக்கிறார். ஒயின் தீர்ந்துபோனால் வினிகரில் சர்க்கரை. உள்ளதைக் கொண்டு உபசரிக்கிறார் பாவம், உபசரிக்கத்தான் தெரியவில்லை. எதிர் ஃப்ளாட்டிலோ ஒரே ஆட்டம் பாட்டம். பீன் உள்ளே போயிருக்கும் நேரம் பார்த்து வந்த இருவரும் ஒரு வேலை செய்கிறார்கள். கடிகார முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். பீன் வந்து பார்த்தால் புது வருடம் பிறக்கப் போகிறது! எண்ணுகிறார்கள், வாழ்த்துகிறார்கள், கிளம்புகிறார்கள். நேரே எதிர் ஃப்ளாட்டுக்கு. விளக்கை அணைத்துவிட்டு பீன் படுத்துக்கொள்கிறார். வருடம் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் யார் மோசம்? கத்தவில்லை, திட்டவில்லை. அந்த இருவரும் மிகவும் நாகரிகமானவர்கள். "எங்களுக்குப் போரடிக்கிறது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல், அழகாக, அவர் மனம் நோகாமல்தான் கழன்றுகொண்டார்கள். நாமும் நாகரிகமானவர்கள்தான். லிஃப்ட் வரும்போது போனைக் காதில் வைத்துக்கொள்வதும், வாக்கிங்கில் அவர் எதிரே வருகிறார் என்றால் சி பிளாக் பக்கம் திரும்பிவிடுவதும் கடிகார முள்ளைத் தள்ளுவதுதான். இதைச் செய்யவே கூடாது என்று சொல்லும் அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை. நீளமாகப் பேசுபவரிடமிருந்து தப்பிக்க எனக்கும் சில வழிகள் தெரியும். ஸ்டிக்கர் மட்டும் வேண்டாமே என்கிறேன். அந்த இருவர்கூட, போகும்போது பீனைப் படம் எடுத்து எதிர் ஃப்ளாட்டில் காட்டவில்லை.

இன்னொரு காட்சியும் இருக்கிறது. பலர் இதை சாண்ட்விச் காட்சி என்றுதான் நினைவு வைத்திருப்பார்கள். 1990 கடைசியில் வந்த 'தி கர்ஸ் ஆஃப் மிஸ்டர் பீன்'. பூங்கா பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்து தன் மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். பக்கத்தில் வந்து உட்காரும் பீன், கோட்டுக்குள்ளிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார். ரொட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார். கீரையைக் கழுவிச் சாக்ஸுக்குள் போட்டுச் சுழற்றி உலர்த்துகிறார். ஷூவைக் கழற்றி மிளகை நசுக்குகிறார். ஜாடியில் மீன் உயிரோடு! தேநீர் வருவது வெந்நீர்ப் பையிலிருந்து. பக்கத்து ஆள் கண்ணை எடுக்காமல் பார்க்கிறார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நமக்குச் சிரிப்பே. எல்லாம் முடிந்து வாயருகே கொண்டுபோகும் நேரத்தில் பீனுக்கு ஒரு தும்மல் வந்து மொத்தமும் சிதறிப்போகிறது.

அந்த ஆள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. தன்னிடமிருக்கும் சாண்ட்விச்சில் ஒன்றை நீட்டுகிறார். உபதேசம், உருக்கமான இசை ஒன்றும் கிடையாது. பசிக்கிற ஆள் பக்கத்தில் இருக்கிறார், கையில் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். அவர் பீனின் நண்பராகிவிடவும் இல்லை. மறுபடி எந்தப் பகுதியிலும் சேர்ந்து சாப்பிடவும் இல்லை.

இன்று நான்கு பகுதிகள் போடுகிறோம். வரிசை இதுதான்: பரீட்சை வரும் முதல் பகுதி, பிறந்தநாள், பெஞ்சு, கடைசியில் புத்தாண்டு. கிறிஸ்துமஸ் பகுதியை டிசம்பருக்கு வைத்திருக்கிறோம். பெற்றோர் தயவுசெய்து பிள்ளைகளை விட்டுவிட்டு மேலே போய்விடாதீர்கள், கூடவே உட்காருங்கள். பெஞ்சுக் காட்சி முடிந்ததும் பத்து நிமிட இடைவேளை. சுண்டலும் தேநீரும் பின்பக்க மேஜையில் இருக்கின்றன. சாக்ஸில் உலர்த்திய கீரை எதுவும் அதில் இல்லை என்று மகளிர் குழு உறுதி அளித்திருக்கிறது.

யாராவது அந்த ஜன்னல் பக்க விளக்கை அணைத்துவிடுங்கள்.