ஒழுகும் பைப்பும் நமது பிள்ளைகளும்

(மாதர் சங்கக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மழைக் காலத்தில் பீலியில் தண்ணி கொட்டும்போது யாரும் பைப்பைப் பற்றி யோசிப்பதில்லை. நுவரெலியாப் பக்கம் தை, மாசியிலும், பதுளைப் பக்கம் ஆனி, ஆடியிலும் ஊற்று வற்றும்போதுதான் வாளியோடு சண்டைக்கு நிற்கிறோம்.

போன வறட்சியில் ஒரு லயத்துக்குப் போனேன். கடைசி நாலு காம்பராவுக்குத் தண்ணி இல்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஓர் அம்மா, குடத்தோடு பள்ளத்து ஊற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தார். "மேல் வீட்டுக்காரங்க எல்லாத்தையும் புடிச்சிடுறாங்க சேர்" என்றார். குழாய் போகும் வழியே நடந்து பார்த்தேன். யாரும் பிடிக்கவில்லை. மூன்று பைப்பில் வாசர் தேய்ந்து ஒழுகியது. கானுக்குப் பக்கத்தில் குழாய் வெடித்து, சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தது.

சொட்டுத்தானே என்று விடாதீர்கள். ஒழுகும் பைப்பின் கீழ் 200 மில்லிலீற்றர் கோப்பையை வையுங்கள். 10 நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 144 கோப்பை. ஏறக்குறைய 29 லீற்றர். 15 லீற்றர் குடத்தில் இரண்டு குடம்!

அதைவிடப் பெரிய ஆபத்து வெடித்த குழாய். தண்ணி வரும்போது அது வெளியே ஒழுகும். தண்ணி நின்றதும் அதே ஓட்டை வழியாகக் கான் அழுக்கு உள்ளே போகும். மறுபடி திறக்கும்போது முதல் குடத்தில் அது வரும். பிள்ளைக்கு வயிற்றோட்டம் வர அது போதும்.

திருகிப் பூட்டும் பைப் ஒழுகினால், முதலில் வால்வை மூடுங்கள். தலையைக் கழற்றி, பழைய வாசரைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கிப் போடுங்கள். கொஞ்சக் காசுதான். பைப்பைப் பலமாக முறுக்கிப் பூட்டாதீர்கள். வாசர் சீக்கிரம் தேயும்.

பிளாஸ்டிக் குழாய் வெடித்தால், டியூப் கட்டுவது ஒரு நாளைக்கு மட்டுமே. வெடித்த இடத்தை வெட்டி, புதுத் துண்டு வைத்து, இரு பக்கமும் சொக்கட் போட்டு ஒட்டி, பசை காய்ந்த பிறகே தண்ணியைத் திறக்க வேண்டும். முதலில் வரும் தண்ணியைக் குடிக்க எடுக்காதீர்கள். குடிக்கும் தண்ணியை எப்போதும் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள்.

மெயின் லைன் உடைந்தால் நீங்களே தோண்ட வேண்டாம். தலைவரிடமும் என்னிடமும் சொல்லுங்கள். ஆபீசில் எழுதிக் கொடுத்து, வேலை முடியும்வரை கேட்டுக்கொண்டிருப்பது என் பொறுப்பு.

இன்று இராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். சொட்டுச் சத்தம் கேட்டால், கடைசிக் காம்பராவில் குடம் தூக்கும் அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.