ஆட்டத்தின் விதி யாருக்குச் சொந்தம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். விளையாட்டு ஓர் உதாரணம் மாத்திரமே. பிறனுடைய காணியில் வீடு கட்டுகிறவன் எந்த உறுதியை நம்பிக் கட்டுவது என்பதே எனது பொருள்.

1974 இல் அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் வெளிவந்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, கதையைத் தாமே பேசி நடத்துவர். நம்மூர்க் கூத்துக்கு அண்ணாவியார் எப்படியோ அப்படி ஒருவர் அதனை நெறிப்படுத்துவார். எடுத்த காரியம் வாய்க்குமா வாய்க்காதா என்பதைக் கவறு உருட்டித் தீர்மானிப்பர்.

2000 ஆம் ஆண்டில் இந்த ஆட்டத்துக்கு உரிமையுடைய ‘விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட்’ கம்பனி ஒரு திறந்த அனுமதிப்பத்திரத்தை வெளியிட்டது. ஆட்டவிதிகளின் பெரும்பகுதியை எவரும் எடுத்துத் தம் நூல்களிற் சேர்த்து விற்கலாம். ஆட்டத்தின் பெயரும் முத்திரையும் கம்பனிக்கே உரியன. இதனை நம்பிப் பல சிறு பதிப்பகங்கள் தோன்றின. ‘பாத்ஃபைண்டர்’ என்னும் பெயர்பெற்ற ஆட்டமும் 2009 இல் இவ்வழியிலேயே வந்தது.

2023 ஜனவரியில், கம்பனி தயாரித்திருந்த புதிய பத்திரமொன்றின் நகல் வெளியிற் கசிந்தது. பழைய பத்திரம் இனிச் செல்லாது என்றும், ஆண்டுக்கு 750,000 டொலருக்கு மேல் ஈட்டுவோர் அந்த மேலதிகத்தில் நூற்றுக்கு 25 வரை கொடுக்கவேண்டும் என்றும் அதிற் கண்டிருந்தது. பழைய பத்திரத்தில் ‘எக்காலத்துக்கும்’ என்ற சொல் இருந்தது. ‘மீளப்பெற முடியாதது’ என்ற சொல் இருக்கவில்லை. நொத்தாரிசிடம் நன்கொடை உறுதி முடித்த எந்தச் சாவகச்சேரியாருக்கும் இவ்விரண்டிற்கும் உள்ள பேதம் விளங்கும்! ஆடுவோரும் பதிப்பாளரும் பெருங்கிளர்ச்சி செய்யவே, அம்மாதம் 27 ஆம் திகதி கம்பனி பின்வாங்கியது. விதிகளின் அடிப்படை நூலை, மீளப்பெற முடியாத ‘கிரியேட்டிவ் கொமன்ஸ்’ அனுமதியின் கீழ் வெளியிட்டது. ஆக்கியோன் பெயரைச் சொல்லி எவரும் எடுத்தாளலாம் என்பதே அவ்வனுமதியின் சாரம்.

இனி நம்மவர் நிலையைப் பார்ப்போம். தாயமும், நாயும் புலியும், வைகுண்ட ஏகாதசி இரவிற் கண்விழிப்போர் ஆடும் பரமபதமும் எந்தக் கம்பனியின் அனுமதியையும் கேட்டவையல்ல. பரமபதத்தின் வழிவந்த ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய்ப் ‘பாம்பும் ஏணியும்’ என்று கடையில் விலைப்பட்டது. அதனால் நம் வீட்டு ஆட்டம் நின்றுவிடவில்லை. பொதுச் சொத்தாகிய ஒன்றை ஒருவர் விற்கலாம். பிறர் ஆடுவதைத் தடுக்கலாகாது.

“எல்லாவற்றையும் இனாமாகக் கொடுத்தால் எழுதுகிறவன் எப்படிச் சீவிப்பான்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திறந்த அனுமதி என்பது இனாம் அன்று. அமெரிக்கக் கம்பனி விதிகளைத் திறந்துவிட்ட பின்னரும் தன் நூல்களை விற்றே வருகிறது. எதனைக் கொடுப்பது, எதனை வைத்துக்கொள்வது என்பதை ஆக்கியோனே முடிவு செய்கிறான். முடிவை எழுத்தில் வைக்காமல் விடுவதே தீங்கு. 1921 இல் மறைந்த பாரதியாரின் பாடல்கள் கைமாறிக் கைமாறி, 1949 இற் சென்னை அரசாங்கத்திடம் வந்து, 1955 இலேயே பொதுமக்களுக்கு உரியனவாயின. இடைப்பட்ட காலத்தில் அவற்றைப் பாடவும் ஒலிபரப்பவும் பிறர் அனுமதி வேண்டியிருந்தது.

இது நமது மலரையும் தொடுகிறது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கச் சட்டப்படி, பதிப்புரிமை ஆக்கியோனின் ஆயுட்காலமும் அதன்மேல் 70 ஆண்டும் நிற்கும். அனுமதி எழுதாத ஒரு கட்டுரையை நாளைக்கு மறுபடி அச்சிட விரும்புவோர், கடல் கடந்து சிதறியிருக்கும் உரித்தாளர் ஒவ்வொருவரையும் தேடித் திரியவேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே பிரதியாய் இருந்தவை மீளவில்லை. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் சேமித்து யாவருக்கும் வழங்கிவருகிறது. அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி, தெளிவான அனுமதியே.

ஆகையால் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, அடுத்த ஆண்டு மலர் முதலாக, எழுதுவோரின் சம்மதத்தைக் கையொப்பத்துடன் பெற்று, “ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் மறுபிரசுரம் செய்யலாம், இவ்வனுமதி மீளப்பெற முடியாதது” என்று முதற்பக்கத்தில் அச்சிடுவோம். சம்மதியாதவரின் கட்டுரையில் அதனையும் குறிப்போம். பிறருடைய உழைப்பைத் திறந்துவிட நமக்கு உரிமையில்லை. இரண்டாவது, நமது இளைஞர் நம் புராணக் கதைகளையும் வன்னிக் காட்டையும் தென்மராட்சிக் களப்பையும் களமாகக் கொண்டு தமிழிற் கதையாட்டங்கள் ஆக்கட்டும். அவற்றின் விதிகளை அவ்வனுமதியுடனேயே வெளியிடட்டும். மட்டக்களப்பிலும் மலையகத்திலும் உள்ள பிள்ளைகள் அவற்றைத் தங்கள் ஊருக்கேற்ப மாற்றி ஆடட்டும்.

ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் தமக்கென ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சுப்பொறி பிறநாட்டாருடைய கண்டுபிடிப்பு. அதனைக் கொண்டு எதை அச்சிடுவது என்பது நம்மவர் முடிவாயிற்று. இன்று அனுமதிப்பத்திரமும் அத்தகைய ஒரு கருவியே. அதனை வாசித்தறிந்து, நமது கையால் எழுதக் கற்போமாக.