ஈடில்லாக் கடன்

ஈடின்றி ஏழைகட்குக் கடனுதவ நிதியொன்று வேண்டுமென நம் சங்கத்திற் சிலர் கேட்கின்றனர். அதனை நடத்திப் பார்த்த நாடு வங்காள தேசம்.

1976-இல் சிட்டகாங் சர்வகலாசாலைப் பொருளாதாரப் பேராசிரியர் முகம்மது யூனுஸ், அருகிலுள்ள ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி பின்னும் ஸ்திரீயொருத்தியைக் கண்டார். மூங்கிலுக்குக் கடன் தந்த வியாபாரிக்கே, அவன் சொன்ன விலைக்கே, முக்காலியை விற்றாக வேண்டும். மிஞ்சுவது சில காசு. இங்ஙனம் கட்டுண்ட 42 பேருக்கும் வேண்டியிருந்தது 27 டாலரே! நம் வீட்டுக் கலியாணத்தில் வெற்றிலைத் தட்டுக்கே இதனினும் மிகுதியாகும். அதனை அவர் தம் கைப்பணத்தினின்றும் கடனாக ஈந்தார்.

1983-இல் கிராமீன் பாங்கி சட்டப்படி ஏற்பட்டது. நிலமும் நகையும் ஈடல்ல. ஐவர் கூடிய குழுவே நம்பிக்கை. கடன் பெறுவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் பெண்டிர். 2006-இல் யூனுசுக்கும் பாங்கிக்கும் நோபெல் சமாதானப் பரிசு கிடைத்தது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. வாரந்தோறும் தவணை வரும். கறவை வற்றினும், கணவன் நோயிற் படுப்பினும் அது நில்லாது. தோழியர் நால்வர் முன் தலைகுனிய அஞ்சி, கடன் தீர்க்கக் கடன் வாங்கினாரும் உளர். 1998-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற் பலர் தவணை செலுத்தவியலாது தவித்த பின்னரே, பாங்கி தன் விதிகளை இளக்கிற்று.