தளர்ச்சிக்குப் பாட்டு

இப்போதெல்லாம் எதற்கும் ‘அப்செட்’தான். பஸ் போய்விட்டாலும் அப்செட், பரீட்சையில் தோற்றாலும் அப்செட். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அது அபஸ்வரமாகவே கேட்கிறது.

கேரள எல்லையில் வாழும் நமக்குச் சொல்லா இல்லை? சோர்வு, அலுப்பு, தளர்ச்சி. பக்கத்து வீட்டு மலையாளத்தில் ‘மடுத்து’, அதாவது அலுத்துப்போயிற்று. வள்ளுவர் 611ஆம் குறளில் ஆண்ட ‘அசாவாமை’, அதாவது தளராமை, அதுதான் பேச்சில் இல்லாமல் போயிற்று.

மடுப்பு வேறு, தளர்ச்சி வேறு. மடுத்தவருக்குக் கோபம் வரும். 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸும் கூலியும் கேட்டு, சங்கத் தலைவர்களையே தள்ளி நிறுத்திவிட்டுத் தெருவில் உட்கார்ந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான ‘பெம்பிளை ஒருமை’ப் பெண்கள் மடுத்துப்போனவர்கள். தளர்ந்தவர்கள் அல்லர். மறுபடியும் சொல்கிறேன்: மடுப்பு வேறு, தளர்ச்சி வேறு.

தளர்ச்சி என்றால் எனக்கு மிருதங்க வார்தான் ஞாபகம் வரும். மிருதங்கத்துக்குப் பேர்போன நம் பெருவெம்பில் போய்ப் பாருங்கள். வார் தளர்ந்தால் மிருதங்கத்தையா தூக்கிப் போடுவார்கள்? இழுத்துக் கட்டுவார்கள்.

இந்த இடத்தில் செம்பையை விட்டுவிட்டு என்னால் நகர முடியாது. கோட்டாயி செம்பை வைத்தியநாத பாகவதர். மைக் வேண்டாத அந்த வெண்கலக் குரல் 1950களில் அடைத்துப்போயிற்று. பாடகனுக்குக் குரல் போனால் என்ன மிஞ்சும், சொல்லுங்கள்! வைத்தியம் நடந்தது, குரல் திரும்பியது. குருவாயூரப்பன் கொடுத்தது என்றே அவர் நம்பினார். அதன் பிறகும் இளம் பாடகர் யேசுதாஸ் உட்படப் பலருக்குச் சொல்லிக்கொடுத்தார். 1974 அக்டோபரில் கண்மூடும்வரை பாடினார்.

இரையிம்மன் தம்பியின் ‘கருண செய்வான்’ பதத்தை அவர் பாடிக் கேட்டிருப்பீர்கள். அருள இவ்வளவு தாமதமா என்று கண்ணனைக் கேட்கிற பாட்டு. ஸ்ரீராகத்தில் இருந்ததை யதுகுல காம்போஜிக்கு மாற்றியவர் செம்பைதான். தளர்ந்த மனசுக்கு அந்த ராகம்தான் சரி. மெல்ல இறங்கும், ஆனால் சரிந்து விழாது. இன்று சிலர் அந்தப் பாட்டைத் தேம்பித் தேம்பிப் பாடுகிறார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. செம்பை தேம்பமாட்டார். வாயைத் திறந்து, சுருதியில் நின்று, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பவர்போல உரிமையோடு கேட்பார். என் மாணவிகள் குரலைக் குழைக்கும்போதெல்லாம் நான் தம்புராவை நிறுத்திவிட்டு இதைத்தான் சொல்வேன்: குழையாதே, கேள்!

வேறு பலரும் நன்றாகப் பாடியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எனக்குச் செம்பை பாடியதுதான் பாட்டு. அந்த ஒலிப்பதிவுதான் அடுத்து வருகிறது.