மாமன் மகனா, அண்ணனா?



டில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட் இருக்கிறது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெயர்தான் அது. டில்லித் தமிழர்களுக்கு இந்த மார்க்கெட் நன்றாகத் தெரியும். முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை, மீன் எல்லாம் அங்கே கிடைக்கும். மலையாளி, வங்காளி, பஞ்சாபி என்று எல்லோரும் வருவார்கள். கூடையைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம்!

அங்கே ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். காய்கறிக் கடையில் இரண்டு அம்மாக்கள் நிற்கிறார்கள். ஒருவர் சேலத்துக்காரர். மற்றவர் பஞ்சாபி. அடுத்தடுத்த வீடு.

"என் மகளுக்குக் கல்யாணம்" என்கிறார் சேலத்து அம்மா.

"மாப்பிள்ளை யார்?"

"என் தம்பிதான்."

பஞ்சாபி அம்மா கையில் எடுத்த வாழைக்காயைக் கீழே வைத்துவிடுகிறார். "தாய்மாமனா? அவர் அப்பா மாதிரி ஆயிற்றே!"

யார் சொல்வது சரி? இரண்டும் அவரவர் வழக்கம். பஞ்சாபி இந்துக் குடும்பங்களில் மாமன் மகன் அண்ணன் முறை. அவனுக்கு ராக்கி கட்டுவார்கள். தமிழ்நாட்டில் அவன் முறைமாப்பிள்ளை. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மாமன், அக்காள் மகள் திருமணத்தைத் தடுக்கிறது. ஆனால் வழக்கம் உள்ளவர்களுக்கு விலக்குக் கொடுக்கிறது.

மேகாலயாவுக்குப் போனால் கதையே வேறு. அங்கே காசி இனத்தில் பிள்ளைகள் தாயின் குலப்பெயரைப் பெறுவார்கள். குடும்ப வீடு கடைசி மகளுக்குத்தான். அவள் கணவன் அவள் வீட்டுக்கு வருவான்.

உறவில் பெண் கொடுப்பதற்குக் காரணமும் உண்டு. தெரிந்த வீடு. நிலம் வெளியே போகாது. பெண்ணுக்கு ஒன்று என்றால் கேட்க ஆள் உண்டு. இதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். சித்தப்பா மகனும் மாமன் மகனும் இரத்தத்தில் ஒரே தூரம். ஒருவன் அண்ணன், ஒருவன் மாப்பிள்ளை என்று பிரித்தது வழக்கம். பரம்பரை நோய்க்கு இந்த முறை தெரியாது. தாத்தா பாட்டியிடம் மறைந்திருந்த ஒரு குறை, இரண்டு பக்கமும் வழிவழியாக வரலாம். இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் நோயாக வெளிப்படும். பொதுவாக 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். மாமன் மகன், அத்தை மகள் மணந்தால் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாய்மாமனை மணந்தால் இன்னும் கூடும். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. குறையோடு பிறந்தால் தாயைத் திட்டுவதுதான் கொடுமை. குறை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது அல்லவா?

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அருகிலேயே எய்ம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. அங்கே பரம்பரை நோய் பற்றி ஆலோசனை கேட்கலாம். தமிழ்நாட்டிலும் பெரிய மருத்துவமனைகளில் கேட்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் கேட்பது நல்லது.

பிரசவத்திலும் வழக்கம் உண்டு. தமிழ்ப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவாள். பூண்டு, சுக்கு, பிரசவ லேகியம் கொடுப்பார்கள். பஞ்சாபில் கோதுமை மாவை நெய்யில் வறுத்து, சர்க்கரையும் முந்திரியும் சேர்த்துப் பஞ்சீரி செய்வார்கள். அங்கே பல வீடுகளில் மாமியார்தான் பிரசவம் பார்த்துக்கொள்வார். இதெல்லாம் நல்லதுதான். ஒரு தவறு மட்டும் இரண்டு பக்கமும் உண்டு. மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, குழந்தையின் வாயில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைப்பார்கள். சீம்பால் நோயைத் தடுக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது.

மறுபடி கடைக்கு வருவோம். பஞ்சாபி அம்மா கேட்கிறார்.

"மகளுக்கு என்ன வயது?"

"பத்தொன்பது."

"அவளைக் கேட்டீர்களா?"

சேலத்து அம்மா முருங்கைக்காயை ஒடித்துப் பார்க்கிறார். "அவள் பிறந்த அன்றைக்கே பேசி வைத்தது" என்கிறார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வீட்டுக்குப் போய்க் கேட்கிறேன்."