பச்சை வாந்தியும் சுழலாத குடலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவ அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)



விழா நாளில் வாந்தியைப் பற்றிப் பேசவா இவரை மேடையேற்றினோம் என்று செயலாளர் வருந்தக்கூடும். எனினும், கைக்குழந்தைகளுடன் தாய்மார்கள் இத்தனை பேர் கூடியிருக்கும் அவை எனக்கு வேறெங்குக் கிடைக்கும்?

கருவின் ஆறாம் வார அளவில், வளரும் குடலுக்கு வயிற்றில் இடம் போதுவதில்லை. அது தொப்புள்கொடிக்குள் சென்று தங்கி, பத்தாம் வார அளவில் உள்ளே திரும்புகிறது. இதற்கிடையே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 270 பாகை, அதாவது முக்கால் சுற்று, சுழன்று தன்னிடத்தில் அமர்கிறது. சிறுகுடலைத் தாங்கும் சவ்வும் இடப்புற மேல்வயிறு முதல் வலப்புற அடிவயிறு வரை அகலமாகப் பற்றிக்கொள்கிறது. அரிதாகச் சிலரிடம் இச்சுழற்சி நடுவிலேயே நின்றுவிடும். அப்போது சவ்வின் அடி குறுகிக் காம்புபோல் ஆகிவிடும். அக்காம்பு முறுக்கிக்கொண்டால் இரத்தக் குழாய் அடைபட்டு, சில மணி நேரத்தில் சிறுகுடலின் பெரும்பகுதி அழுகிவிடக்கூடும். பெரும்பாலும் பிறந்த முதல் மாதத்திலேயே இந்த ஆபத்து தலைகாட்டுகிறது.

குழந்தை குடித்த பாலை வெள்ளையாகக் கக்குவது இயல்பு. பித்தநீர் கலந்து பச்சையாக வாந்தி எடுப்பது இயல்பன்று. தொடக்கத்தில் வயிறு உப்பியிராது, மெத்தென்றே இருக்கும். இதுதான் நம்மை ஏமாற்றுவது. வயிறு உப்பி, மலத்தில் இரத்தம் காணும்போது காலம் கடந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மவர் இல்லமொன்றில் பிறந்து பதினொரு நாளேயான பெண் குழந்தை வாந்தி எடுத்தது. ஊரிலிருந்து பேறுகாலத்துக்கு வந்திருந்த பாட்டியார், “உரம் விழுந்திருக்கிறது” என்று புடவையிலிட்டு உருட்டினார். அவரை நான் குறைகூற மாட்டேன். ஏனெனில் அன்று மாலை தந்தையார் தொலைபேசியில் கேட்டபோது, “காலையில் கொண்டு வாருங்கள்” என்றவன் நானே. வாந்தியின் நிறம் என்னவென்று கேட்கவில்லை.

நள்ளிரவில், பச்சைக் கறை படிந்த துணியும் குழந்தையுமாக அவர் வந்து நின்றார். ஒலியலை ஸ்கேனில் இரத்தக் குழாய்கள் நீர்ச்சுழல்போல் முறுக்கியிருந்தன. ஐயமுள்ள இடத்தில் சாய மருந்து புகட்டி எக்ஸ்ரே எடுப்பதுண்டு; அன்று அதற்குப் பொழுதில்லை. பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் வில்லியம் லாட் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட முறைப்படியே சிகிச்சை நடந்தது. முறுக்கை எதிர்த்திசையில் அவிழ்த்து, குடலை நெருக்கும் சவ்வுப் பட்டைகளை அறுத்து, காம்பை விரித்துவிடுவது அம்முறை. குடலை இயற்கை நிலைக்குத் திருப்புவதில்லை. சிறுகுடலை வலப்புறமும் பெருங்குடலை இடப்புறமும் கிடத்திவிடுவர். குடல்வாலையும் நீக்குவது வழக்கம். பிற்காலத்தில் அது இடப்பக்கம் வலித்து எந்த மருத்துவரையும் குழப்பலாகாதல்லவா?

குழந்தை பிழைத்தது. ஆயினும் கறுத்துப்போன ஒரு சாண் குடலை வெட்டியெடுக்க நேர்ந்தது. மாலையிலேயே நான் நிறத்தைக் கேட்டிருந்தால் அந்த ஒரு சாணும் தப்பியிருக்கலாம்.

ஆகவே தாய்மார்களே, பச்சை வாந்தி கண்டால் பால் புகட்டாமல், விடியும்வரை காத்திராமல், குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள். கறை படிந்த துணியைத் துவைத்துவிடாமல் கையோடு கொண்டு செல்லுங்கள்.